கேட்டவர்களும் பதிவான இசை

மாலை ஆறரை மணிக்கு ரமணாசிரமத்தின் சமாதிக் கூடத்தில் தமிழ்ப் பாராயணம் தொடங்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு பக்கத்தார் ஒரு பாடலைச் சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கத்தார் அடுத்ததை எடுப்பார்கள். பயிற்சி பெற்ற பாடகர் என்று சொல்லும்படி அங்கே அநேகமாக யாரும் இருப்பதில்லை. ரோமன் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ழகரத்தோடு மல்லுக்கட்டும் வெளிநாட்டுக்காரர் அரை மாத்திரை பின்தங்குவார். அதைக் காதில் வாங்கிக்கொண்ட முன்வரிசைப் பெரியவர் கடைசி எழுத்தைச் சற்றே நீட்டிப் பிடிப்பார். பின்தங்கியவர் வந்து சேர்ந்துகொள்வார். மலைப்பக்கத்திலிருந்து மயில் ஒன்று அகவும்.

பாராயணம் முடிந்து செங்கம் சாலையில் இறங்கினால், ரமணர் எழுதிய அட்சரமணமாலை ஏதாவது ஒரு கடையிலிருந்து கேட்கும். அது ஸ்டூடியோவில் பதிவானது. சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம், வீணையும் புல்லாங்குழலும் அளவாகச் சேர்ந்திருக்கும். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் என் கைப்பேசியில் கூடத்தின் ஓர் ஓரத்திலிருந்து பிடித்த மங்கலான பதிவு ஒன்று இருக்கிறது. வெளியூரில் இருக்கும் நாட்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான். பல வருடங்களாக இது எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்து வந்தது. சுத்தமான பதிவை விட்டுவிட்டு மங்கலானதை மனம் ஏன் தேடுகிறது?

இந்தக் கேள்வியை உலகத்தில் அதிகமாகக் கேட்டுப் பார்த்தவர்கள் ராக் இசை ரசிகர்கள். ராக் குழுக்களுக்கு எப்போதும் இரண்டு முகம். ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் செதுக்கிய ஆல்பம் ஒன்று, மேடையில் வாசித்ததை அப்படியே பிடித்த லைவ் ஆல்பம் ஒன்று. எது உசத்தி என்ற வழக்கு அங்கே ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கிறது. ரமண நகரில் என் பக்கத்து வீட்டு மாடியில் குளிர்காலம் தோறும் வந்து தங்கும் ஐரோப்பிய முதியவர் ஒருவர், காலை தியானத்துக்குப் போவார், பகலில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைக் கேட்பார். அவர் கையில் எப்போதும் இருப்பது அவர்களுடைய லைவ் ஆல்பமான ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவிலும் பதிவானது. இசைத்தட்டுக் கம்பெனியின் ஜப்பானியக் கிளை கேட்டதற்காக, ஜப்பானில் மட்டும் வெளியிடலாம் என்று செய்த பதிவு அது. குழுவினருக்கே அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அதே வருடம் வந்த ஸ்டூடியோ ஆல்பத்தில் நாலரை நிமிடம் ஓடும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ என்ற பாட்டு இங்கே ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடுகிறது. பாட்டு நீளவில்லை, பாட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்புகிறார்கள். நம் காதுக்கு இது புதிதல்ல. கீர்த்தனையை நிரவலும் சுரமுமாக விரிப்பதுபோலத்தான்.

பாப் மார்லியின் ‘நோ வுமன், நோ க்ரை’ இன்னும் தெளிவான சாட்சி. 1974இல் ஸ்டூடியோவில் பதிவாகி வந்தபோது அது ஆல்பத்தில் இருந்த பாட்டுகளில் ஒன்று, அவ்வளவுதான். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பாடியபோது கூட்டம் முதலிலேயே பல்லவியை எடுத்துக்கொண்டது. உலகம் இன்று அறிந்திருப்பது அந்த மேடைப் பதிவைத்தான். கூட்டத்தின் குரலை நீக்கிவிட்டால் அங்கே பல்லவியே பாதியாகிவிடும்.

அதே ஜூலை மாதத்தில், 5ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த ஒரு கச்சேரிதான் நமக்கு இந்த விஷயத்தில் மிக நெருக்கமானது. மேடையில் ஐந்து பேர். ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். அந்தக் குழுவின் பெயர் சக்தி. மறு வருடம் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பமே இந்த மேடைப் பதிவுதான். ஒரு குழு முதலில் ஸ்டூடியோவில் தன்னை நிரூபித்துக்கொண்டு, பேர் வாங்கிய பிறகு லைவ் ஆல்பம் போடுவதே வழக்கம். இங்கே அது தலைகீழ். ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என்ற ஸ்டூடியோ ஆல்பங்கள் பிறகுதான் வந்தன.

அந்த மேடை எப்படி அமைந்தது என்று பார்த்தால் அதன் பின்னால் ஒரு தமிழ் வரலாறே இருக்கிறது. மெக்லாக்லின் அதுவரை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற, காதைப் பிளக்கும் மின்னிசைக் குழுவை நடத்தியவர். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். ராகவன் அங்கே மிருதங்கம் கற்பித்துவந்தார். சங்கர் அங்கே இசை ஆய்வு மாணவர். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்கு வந்தது. விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நடத்தியவர். ராக் மேடைகளில் ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கு முன்னால் நின்று வாசித்த மனிதர், இவர்களோடு ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத கிதாரைக் கையில் எடுத்தார்.

அந்த ஆல்பத்தில் மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது ‘ஜாய்’, பதினெட்டு நிமிடம். நடுவில் ‘லோட்டஸ் ஃபீட்’, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. கடைசி உருப்படி அரைமணி நேரத்தைத் தொடுகிறது. ‘ஜாய்’ உருப்படியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கிதாரும் வயலினும் ஒரே வரியைத் தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து வாசிக்கின்றன. ஒருவர் மயிரிழை தப்பினால் இருவருமே விழ வேண்டும். விழவில்லை. பிறகு ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்கிறார். பதில் ஒவ்வொரு சுற்றுக்கும் குறுகி, நாலு அட்சரம், இரண்டு, ஒன்று என்று நெருங்கி வருகிறது. சென்னை சபாவில் இந்த இடத்தில் முன்வரிசை ரசிகர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, சமம் எங்கே விழும் என்று தெரிந்து காத்திருப்பார்கள். சவுத்ஹாம்ப்டனில் இருந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஆதி தாளம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஐந்து பேரும் ஒரே புள்ளியில் வந்து இறங்கும்போது அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பும் ஆரவாரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இதற்கு நாலு வருடம் முன்னால், 1971 ஆகஸ்ட் 1இல், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியின் பதிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடிக்கிறார்கள். வாசித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டிவிடுகிறது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் மென்மையாகச் சொல்கிறார். அது ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. எந்த ஸ்டூடியோப் பதிவும் இதைத் தந்திருக்க முடியாது. ஒரு நாட்டின் காது இன்னொரு நாட்டின் இசையைச் சந்திக்கும்போது எப்படித் தடுமாறியது என்பதற்கு அது ஆவணம். நாலு வருடம் கழித்து சக்தியின் கச்சேரியில் அந்தக் காது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதும் ஆவணம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேடைப் பதிவில் பதிவாவது பாடியது மட்டும் அல்ல, கேட்டதும் பதிவாகிறது.

நம் நாட்டு இசையின் ஒலிப்பதிவு வரலாறு முழுவதையுமே இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை உரக்கச் சொல்வார். தட்டை அச்சிடும் வெளிநாட்டு ஆலையில் யார் பாட்டு என்று தெரிவதற்காக. எதிரே ரசிகர் யாரும் இல்லை, ஒரு கூம்புக் குழல்தான். தெற்கே கோயம்புத்தூர் தாயியும் அந்தக் குழலுக்குள்தான் பாடினார். அவருடைய இசைத்தட்டுகள் பாரிசுக்குப் போய், மோரிஸ் டெலாஜ் என்ற இசையமைப்பாளரை உலுக்கி, ‘ராகமாலிகா’ என்ற ஐரோப்பிய உருப்படிக்குக் காரணமாயின. ஆகவே ரசிகன் இல்லாத பதிவில் உயிர் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சில நிமிடத் தட்டில் கேட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கோயில் வீதிகளில் இரவெல்லாம் ஒரே ராகத்தை வாசித்தவர். தட்டில் இருப்பது அந்த ஆற்றிலிருந்து ஒரு செம்பு.

சென்னையில் ஸ்பூல் டேப் புழக்கத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. ரசிகர்களே பதிவு செய்தார்கள். சபாக்களிலும் கல்யாண வீட்டுக் கச்சேரிகளிலும் மைக்கை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். 1968இல் மறைந்த மதுரை மணி ஐயரை, அவரை நேரில் பார்த்திராத தலைமுறை அறிந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பதிவுகளால்தான். ஆசிரமத்துக்குப் பின்பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரிடம் அப்படிப் படியெடுத்த கேசட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போய் உட்காருவேன். கேசட்டைப் போட்டதும் முதலில் வருவது இசை அல்ல. இரைச்சல், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் கல்லின் தட்டல், முன்வரிசையில் யாரோ பக்கத்திலிருப்பவரிடம் ஊர் விஷயம் விசாரிக்கும் குரல். பிறகு மணி ஐயர் சுரத்தைப் பிடிக்கிறார். ஓர் இடத்தில் வயலின்காரர் சொன்ன பதில் அவருக்குப் பிடித்துவிடுகிறது. ‘பலே’ என்கிறார். அடுத்த சுற்றில் அவர் பாடும் சுரம், அந்தப் பதில் வந்திருக்காவிட்டால் வந்திருக்காது. வாத்தியார் கையை உயர்த்தி, “சார், இங்க கவனிங்க, இப்பதான் அவருக்குச் சூடு ஏறுது” என்பார். இருநூறு தடவை கேட்டிருப்பார். முகத்தில் இருப்பது முதல் தடவைக்கான ஆவல்.

ஹூ என்ற ராக் குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி ஒரு தகவல் சொன்னபோது வாத்தியார் நெகிழ்ந்துபோனார். 1970 பிப்ரவரி 14இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதிவானது அது. கம்பியில் வந்த கரகர ஒலியை நீக்க வேண்டாம், அது அப்படியேதான் இருக்க வேண்டும் என்று இசைத்தட்டின் லேபிளில் கையெழுத்தில் குறிப்பு எழுதி அச்சிட்டிருந்தார்கள். மேலுறையும் கள்ளப் பதிவுபோல வெறும் பழுப்பு அட்டை. இரைச்சலைத் துடைத்தால் அறையும் சேர்ந்து போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டிலேயே வலுவான ஒரு சாட்சி உண்டு. அது திரைப்பாடல். ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்கப் போகிறவர் என்ன எதிர்பார்க்கிறார்? ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்றுதான். எம்.எஸ்.வி. பாட்டின் இடையிசையில் வரும் அக்கார்டியன் துணுக்கு ஒன்று விட்டுப்போனால் பந்தலில் முணுமுணுப்பு எழும். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் நடையை மாற்றினால் அது குற்றம். பாடகர் தன் கற்பனையில் ஒரு சங்கதி சேர்த்தால் பலருக்கு எரிச்சல். டிசம்பர் சபாவில் புதிய சங்கதிக்காகக் காத்திருக்கும் அதே மனிதர் மார்கழி முடிந்து ஊர்ப் பந்தலில் உட்கார்ந்ததும் பழைய சங்கதியையே கேட்கிறார். அங்கே மூலம் மேடை. இங்கே மூலம் ஸ்டூடியோ. தமிழர்களுக்கு இரண்டு காது இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம்.

ஆனால் அந்த மூலம் எப்படி உருவானது என்று பார்த்தால் எதிர்ச்சாட்சியே என் பக்கம் வந்துவிடுகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் திரைப்பாடல் பதிவு என்பது ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து வயலின், புல்லாங்குழல், தபலா, கிதார் எல்லாம் உட்கார்ந்திருக்க, கண்ணாடி அறைக்குள் பாடகர் நிற்க, ஒன்றாக எடுப்பது. ஒருவர் பிழை விட்டால் எல்லோரும் முதலிலிருந்து. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைத் தபலாக்காரர் கேட்டுத்தான் அடுத்த அடியை வைத்தார். அது ஸ்டூடியோ என்றாலும் உள்ளே நடந்தது கச்சேரிதான், ரசிகர்கள் அந்த வாத்தியக்காரர்களே. தொண்ணூறுகளில் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்து கணினியில் அடுக்கும் முறை பரவியது. ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ 1992இல் வந்தது. ஒலி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் துல்லியமானது. அதில் பெரிய கலை உண்டு, அதை நான் ரசிக்கிறேன். ஆனால் வயலின்காரரும் பாடகரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பாட்டில் இருப்பது வழக்கமானது அப்போதிலிருந்துதான்.

ஆகவே மேடையா, ஸ்டூடியோவா என்ற வழக்கை நான் வேறு மாதிரி வைப்பேன். அந்தப் பதிவு நடந்த நேரத்தில் யார் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? 1966 ஆகஸ்ட் 29இல் சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் தங்கள் கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரியை நடத்தினார்கள். கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பதே தங்களுக்குக் கேட்காத நிலை அவர்களுக்கு அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. அது மேடைதான், ஆனால் அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்டூடியோவுக்குள் போய், 1967இல் ‘சார்ஜண்ட் பெப்பர்’ செய்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கேட்க முடிந்த இடம் அதுதான். 1964இல் மேடையை நிரந்தரமாக விட்டுவிட்ட பியானோக் கலைஞர் கிளென் கூல்டின் கட்சியும் எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. கூட்டத்துக்காக வாசிக்கும்போது தன்னையே கேட்க முடியவில்லை என்பது ஒரு கலைஞனுக்குப் பெரிய துயரம்.

லைவ் ஆல்பம் என்ற பெயரிலேயே பொய்யும் நடந்திருக்கிறது. மேடையில் தவறிய இடங்களைப் பிறகு ஸ்டூடியோவில் பாடி ஒட்டுவது எழுபதுகளில் பலர் செய்த வேலை. தின் லிஸி குழுவின் 1978 ஆல்பமான ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் செய்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, குழுவினர் மறுக்க, அந்தத் தகராறு இன்றும் தீரவில்லை. ஒட்டுப்போட்ட பதிவைக் கேட்பவர்கள் ஏமாந்ததாக உணர்வது எதனால்? ஒலி மோசமாகிவிடவில்லை, நன்றாகத்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கைதட்டல் வேறொரு வாசிப்புக்கு விழுந்தது என்று தெரிந்ததும் மனம் கசந்துவிடுகிறது. பதிலுக்கும் கேள்விக்கும் உள்ள உறவு அறுந்துவிட்டது.

சக்தியின் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. 2023இல் அவர்கள் ‘திஸ் மொமென்ட்’ என்ற ஸ்டூடியோ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அப்போது குழுவில் மெக்லாக்லின், ஜாகிர் உசேனோடு சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு தன் பகுதியைப் பதிவு செய்து மற்றவருக்கு அனுப்பிச் சேர்த்த ஆல்பம் அது. 2024இல் கிராமி விருது பெற்றது. என் வாதப்படி அது உயிரற்றுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணத்தைச் செல்வகணேஷின் கஞ்சிராவில் கேட்கலாம். மெக்லாக்லின் எந்த இடத்தில் தயங்குவார், எந்த இடத்தில் பாய்வார் என்பது அந்தக் கைக்கு முன்பே தெரிகிறது. மேடைகளில் வருடக்கணக்கில் கேட்டுக்கேட்டு விரலில் ஏறிய அறிவு அது. அந்த ஆண்டு டிசம்பர் 15இல் ஜாகிர் உசேன் மறைந்தார். செய்தி வந்த அன்று இரவு நான் போட்டுக் கேட்டது 1975 பதிவைத்தான். இருபத்து நாலு வயது தபலாவும், அதைக் கேட்டுப் பதில் சொல்லும் கடமும்.

இந்த ஊரில் ஒலிப்பதிவைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். ரமணர் 1950இல் மறைந்தார். டேப் பதிவு உலகில் புழக்கத்துக்கு வந்துவிட்ட காலம். அசையும் படங்களில் அவர் நடக்கிறார், சிரிக்கிறார், தடியை ஊன்றிக்கொண்டு மலைப்பாதையில் வருகிறார். ஒலி இல்லை. அவருடைய குரல் எங்கும் பதிவாகவில்லை. விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், பிட்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடிக்கொண்டு போவதற்காக அவர் எழுதியதுதான் அட்சரமணமாலை. 108 கண்ணிகள். நடந்துகொண்டே பலர் கூடிப் பாடவும், வாசலில் நின்று வீட்டுக்காரர்கள் கேட்கவும் பிறந்த பாட்டு. சமாதிக் கூடத்தில் மாலைதோறும் ஒரு பக்கம் சொல்லி மறுபக்கம் எடுப்பதில் அந்தத் தெரு இன்னும் இருக்கிறது. கடையில் ஓடும் ஸ்டூடியோப் பதிவில் பாட்டு இருக்கிறது, தெரு இல்லை.

போன ஞாயிறு வாத்தியார் ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டைப் போட்டார். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். காம்போதி ஆலாபனை மேலே ஏறி நிற்கும் இடத்தில் முதல் பக்கம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பதிவு செய்த யாரோ கேசட்டைத் திருப்பிப் போட எடுத்துக்கொண்ட சில நொடிகளில் என்ன பாடப்பட்டது என்பது போய்விட்டது. இரண்டாம் பக்கம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. வாத்தியார் கேசட்டை வெளியே எடுத்தார், திருப்பினார், உடனே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே, கண்ணை மூடி, மேல் சட்ஜத்திலிருந்து இறங்கி வந்து மறுபக்கம் தொடங்கும் அந்தச் சுரம் வரைக்கும் மெல்லிய குரலில் பாடினார். பிறகு கேசட்டை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினார்.